இரவல் வாங்கிய நோய்

தம்பி,

கூப்பிட்டுப் பழகிய பெயரிலேயே ஆரம்பிக்கிறேன். சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டால், "நல்லா இருக்கோம்மா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய். அதனால் கேட்காமலே விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி வீட்டு வளைகாப்பில் உன் மனைவி ஒரு பொய் சொன்னாள். அங்கே இருந்தவர்களில் அது பொய் என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான். சந்தனம் பூச வரிசையில் நின்ற கவிதாவிடம் ஒரு சொந்தக்காரம்மா, "ஏம்மா, உங்களுக்கு அஞ்சு வருசம் ஆச்சே, இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். கவிதா முகம் மாறாமல், "எனக்கு நீர்க்கட்டி இருக்கு பெரியம்மா, வைத்தியம் பாக்கோம்" என்றாள். கேட்டவர் உடனே இளகிப்போனார். அவள் கன்னத்தைத் தடவி, "அதெல்லாம் கரைஞ்சிரும், கவலைப்படாத" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முந்தின வாரம்தான் நீ போனில் என்னிடம் சொல்லியிருந்தாய்: "அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சும்மா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல. காரணம் தெரியலன்னுதான் சொல்றாங்க. அடுத்த மாசம் ஊசி ஆரம்பிக்கப் போறோம்." உனக்கு எடுத்தாயா என்று கேட்டேன். "எனக்கு என்னம்மா? தேவைன்னா பெறகு பாத்துக்கலாம்" என்றாய்.

இல்லாத நீர்க்கட்டியை ஒரு பெண் தனக்கு இருப்பதாக ஏன் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் எனக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொன்னவள். பொறாமையால் சொன்னேன். அந்த ஒரு சொல்லால் நாலு வருஷத்தைத் தொலைத்தேன். உன் அப்பாவுக்குத் தெரிந்த கதைதான், உனக்குச் சொன்னதில்லை. அந்த ஊசி ஆரம்பிப்பதற்குள் நீ இதைப் படிக்க வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் கொட்டகையில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். மற்ற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே மடிப்பார்கள். நான் சுவர் ஓரமாகத் தலையைத் தூக்காமல் மடிப்பேன். யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "ம்" என்றுகூடச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவேன். பத்தொன்பது வயதில் ராஜபாளையத்துக்கு உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா நூல் மில்லில் பிட்டர், வாரத்துக்கு ஒரு ஷிப்டாக மாறி மாறி வேலை. என் மாமியார், அதாவது உன் அப்பத்தா, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒருவரே பேசிவிடுவார். பேச்சு வராத எனக்கு அதுவே வசதியாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து உன் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு உன் சித்தி சரோஜா அதே வீட்டுக்கு வாழ வந்தாள். நாலாம் மாதம் கொல்லைப்புறத்தில் அவள் வாந்தி எடுத்தாள். அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்த் தலையைப் பிடித்திருக்க வேண்டும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஓங்கரிப்பு எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

என் பொறாமை அப்படிப்பட்டது. சண்டை போடாது, வாய் திறக்காது. வயிறு பெருத்துவந்தபோது சரோஜா தன் ரவிக்கைகளை என்னிடம் கொடுத்து, "யக்கா, சைடு தையலைப் பிரிச்சுத் தாங்களேன், இறுக்குது" என்றாள். நான்கை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்றை மட்டும், அவளுக்கு எடுப்பாக இருக்கும் மயில்கழுத்துக் கலர் ரவிக்கையை, "நூல் வரல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூல் வரத்தான் செய்தது. குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று வந்தவர்கள் ஒவ்வொருவராக அதை மடியில் வாங்கினார்கள். என் முறை வந்தது. என் கை அதன் முதுகுக்குக் கீழே போவதற்குள் மாமியார், "புள்ளைக்குப் பசிக்கி, கொண்டா" என்று எடுத்துப் போய்விட்டார். சற்று முன்தான் அது பால் குடித்திருந்தது. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த லேடி டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனார்கள். கூட்டிப் போனது மாமியார்தான். அப்பா ஒரு முறையும் வந்ததில்லை, அவர் வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. டாக்டர் கேள்வி கேட்பார், மாமியார் பதில் சொல்வார். "மாசாமாசம் டாண்ணு தலைக்கு ஊத்திருவா டாக்டரம்மா. ஒரு நா முன்னப் பின்ன இருக்காது." டாக்டர், "அவளைப் பேச விடுங்கம்மா" என்பார். "அவ எங்க பேசப் போறா? வாயில்லாப் பூச்சி" என்று மாமியார் அதற்கும் பதில் சொல்வார். புருஷன் பெண்டாட்டிக்குள் எப்படி என்று டாக்டர் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். மாமியாரும் பதில் சொல்லாத கேள்வி அது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டு டாக்டர், "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா" என்பார். அந்த "ஒண்ணும் இல்ல" நல்ல செய்தி என்று நீ நினைப்பாய். திரும்பி வரும் பஸ்ஸில் மாமியார் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நாலு சீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்: "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லங்காக. ஒண்ணும் இல்லேன்னா பெறகு ஏன் தங்க மாட்டேங்கு? ஏட்டி, எனக்குத் தெரியாம எதும் மாத்திரை கீத்திரை திங்கியா?" ஒரு குறையும் இல்லாதவள் பிள்ளை பெறவில்லை என்றால், அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் வீட்டில் அர்த்தம் ஆனது.

அந்த டாக்டர் வீட்டுக் கூடத்தில்தான் மும்தாஜைப் பார்த்தேன். வத்திராயிருப்பிலிருந்து வருவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு அங்கே பாத்திரக் கடை. கடையை அடைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அவளோடு வந்துவிடுவார். பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரே ஒரு ஆண், மடியில் டிபன் தூக்கை வைத்துக்கொண்டு. மும்தாஜ் என்னிடம், "இவுகளுக்குக் கடையில உக்காரக் கசக்குது. அதான் என்னையச் சாக்கு வச்சு பஸ் ஏறிருதாக" என்பாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, "ஆமா, பொம்பளைகளோட பொம்பளையா உக்காந்திருக்கதுன்னா எனக்கு உசுரு பாரு" என்பார். அவர்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், அடிவயிற்றில் ஏதோ எரியவும் செய்யும். எரிச்சல் மும்தாஜ் மேல்தான். அவளுக்கும் என்னைப் போலப் பிள்ளை இல்லை, ஆனாலும் அவள் மேல்.

கர்ப்பக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயை மதுரையில் எடுத்துக்கொண்டு வரும்படி டாக்டர் எங்கள் இருவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். படங்களோடு இருவரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் அதிகமாக இருந்ததால் மாமியார், "நீ உக்காந்திரு, ஒரு எட்டு ஆண்டாளைக் கும்பிட்டுட்டு வாரேன்" என்று கோயிலுக்குப் போய்விட்டார். மும்தாஜை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு குழாயிலும் அடைப்பு. அவள் வீட்டுக்காரர் எக்ஸ்ரே உறையை வாங்கித் தன் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். "இந்தா, அழுவாத. இம்புட்டு நாளும் என்ன ஏதுன்னு தெரியாம அலைஞ்சோம். இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? ஓட்டை விழுந்த கொடத்தையே அடைச்சுப் புதுசாக்கிருதேன், இருக்க அடைப்பை எடுக்கதா பெரிய வேலை?" என்றார். அழுகைக்கு நடுவில் அவள் அவர் கையில் ஒரு அடி வைத்தாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் அவளுக்காக உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். தம்பி, உன் சித்தியின் வயிற்றைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பொறாமைப்படவில்லை. மும்தாஜின் குறைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. சொல்லி அழ ஒரு சொல், கேட்டு இரங்க நாலு பேர், அந்த உறையைத் தூக்கிக்கொண்டு கூட நடக்க ஒரு ஆள். எனக்கும் அடைப்பு இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டேன். அதே ஆண்டாளிடம் அப்போது என் மாமியார் என்ன வேண்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "கொழாய் ரெண்டும் தெளிவா இருக்கும்மா. உன்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு ஒரு சீட்டு எழுதினார். "இதை உன் வீட்டுக்காரர்கிட்டக் குடு. அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும். சின்ன டெஸ்ட்தான், பயப்பட ஒண்ணுமில்ல. அதைப் பாக்காம உனக்கு நான் ஒரு மாத்திரையும் எழுத மாட்டேன்." வெளியே வந்தேன். கோயில் குங்குமத்தோடு மாமியார் வாசல்படியில் ஏறிக்கொண்டிருந்தார். "என்னட்டி சொன்னாக?" என்றார். அந்தச் சீட்டை எப்படி எடுத்துக் கொடுப்பேன்? உங்கள் மகனுக்கும் சோதனை செய்ய வேண்டுமாம் என்று எந்த வாயால் சொல்வேன்? மறுபடியும் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் பஸ் முழுக்க என்ன நடக்கும்? என் வாயிலிருந்து, எனக்கே கேட்காத குரலில், "கொழாயில அடைப்பாம் அத்தை" என்று வந்தது. சீட்டைக் கிழித்து பஸ் ஜன்னலுக்கு வெளியே விட்டேன். மாமியார் பார்க்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வீட்டில் நான் வேறு ஆள் ஆகிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா ஜாடையாகக் கேட்டபோது மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அவளுக்குக் கொழாய் அடைச்சிருக்கு. அவ என்ன வேணும்னா செய்தா? உம்ம வீட்டுச் சோலியப் பாரும்" என்று எனக்காகச் சண்டை போட்டார். சரோஜாவின் பிள்ளையைத் தூக்கி என் மடியில் அவரே போட்டார். அப்பா மில்லிலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வந்தார். பொய்யான ஒரு நோய் எனக்கு இவ்வளவு கொண்டுவந்து கொடுத்தது. அதனால்தான் கவிதாவைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மா கன்னத்தைத் தடவிய நேரத்தில் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரவல் நோய்க்கும் வைத்தியம் உண்டு, தம்பி. அதை உடம்புதான் அனுபவிக்க வேண்டும். டாக்டர் இனி மாத்திரை எழுத மாட்டாராம் என்று நான் சொல்லியிருந்ததால், ஆலங்குளத்துப் பக்கம் ஒருவர் அடைப்பைக் கரைக்கிறார் என்று கேள்விப்பட்டு மாமியார் கஷாயம் வாங்கி வந்தார். ஒரு மண்டலம் குடித்தேன். வாயெல்லாம் புண், சோறு இறங்காது. மாதாமாதம் டாண்ணு வந்தது தாறுமாறாகப் போனது. இன்னொரு மண்டலம் குடித்தேன். உடம்பு பாதியாக இளைத்தது. இல்லாத அடைப்புக்கு நான் மருந்து குடிக்கிறேன் என்று தெரிந்தே குடித்தேன். இதற்கு நடுவே உன் அப்பாவைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னிடத்தில்தான் குறை என்று நானே ஒப்புக்கொண்ட பிறகு யார் கேட்பார்கள்?

நாலாவது வருஷம் உன் அப்பா, "போதும் இந்தக் கசாயம். மதுரையில ஆப்ரேசன் பண்ணி அடைப்பை எடுக்காகளாம், போவோம்" என்றார். பழைய எக்ஸ்ரே எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன், அலமாரித் தாளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். போனதும் மறுபடி படம் எடுப்பார்கள், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று தெரியும். அதற்குள் எனக்கு உண்மையாகவே அடைப்பு வந்திருக்கக் கூடாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன். பெட்டியோடு மதுரை பஸ் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது மும்தாஜ் ஏறினாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், கையில் தூக்கோடு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து என் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஆயிற்று, இன்னும் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு, "உனக்கென்னம்மா, குடுத்து வச்சவ. அன்னைக்கு உன் படத்தைப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னாகளே, உள்ள டாக்டரம்மா சொன்னது வெளிய எங்களுக்குக் கேட்டுச்சு. வீட்டுக்குப் போயி உன்னைய நெனச்சு எம்புட்டுப் பொறாமைப்பட்டேன் தெரியுமா? அல்லா எனக்கு அந்தக் கொழாயக் குடுத்திருக்கக் கூடாதான்னு அழுதேன். இப்ப எத்தனை புள்ளை?" என்று கேட்டாள். முன் சீட்டில் இருந்த உன் அப்பா திரும்பினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. மும்தாஜைப் பார்த்து, "யாருக்கு ஒண்ணும் இல்லன்னாக?" என்று கேட்டார்.

கிருஷ்ணன்கோவிலில் அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். நல்ல வெயில். ஒரு வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு அவர் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். "நாலு வருசம். ஏன் அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் நான் வாழ்க்கையில் முதல் தடவை நிறுத்தாமல் பேசினேன். மும்தாஜின் அழுகை, உறையைத் தூக்கிக்கொண்ட அவள் புருஷன், எனக்குக் கொடுத்த சீட்டு, அதைக் கிழித்தது எல்லாம் சொன்னேன். கடைசியில், "நீங்க ஒரு நாளாச்சும் எங்கூட அங்க வந்து உக்காந்திருந்தா நான் அந்தச் சீட்டை மறைச்சிருக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகு பயம் வந்தது. அப்பா குனிந்து பெட்டியைக் கையில் எடுத்தார். "நீ அன்னைக்குக் குடுத்திருந்தா நான் போயிருப்பேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான், இன்றைக்கும். மதுரை பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினோம். அந்தக் கூடத்தில் அவர் எனக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய சோதனை முடிவு பிறகு ஒரு நாள் வந்தது. அவரிடமும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒன்றுமில்லாதவர்களாக டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமியார் இல்லாததால் டாக்டர் எங்களை நேராகக் கேட்டார். இந்த முறை பதில் சொல்ல எனக்கு ஒரு துணை இருந்தது. மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிப்ட். அது போக, பிள்ளை வேண்டும் என்று அப்பா அமாவாசைதோறும் சதுரகிரி மலை ஏறினார், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே விரதம், தனிப் படுக்கை. நான் வெள்ளிக்கிழமை விரதம், அதற்குத் தனி. டாக்டர் எங்கள் வீட்டு நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "புள்ளை வேணும்னு சாமிகிட்டக் கேட்டுட்டு, அது வார நாளெல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் படுத்திருந்தா சாமி என்னம்மா செய்யும்?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. "இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். காரணம் எனக்கும் தெரியல. ஆனா பெரிய வைத்தியத்துக்குப் போறதுக்கு முன்ன இதையெல்லாம் கேட்டிருக்கணும்ல?" என்றார். கஷாயத்தை நிறுத்தினோம். அப்பா மில்லில் பேசி ஷிப்ட் மாற்றிக்கொண்டார். சதுரகிரிக்கு வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்று முடிவு செய்தார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. இன்னும் இரண்டரை வருஷம் ஆயிற்று. தொண்ணூறுகள் பிறந்த பிறகு நீ வந்தாய். ஏன் அத்தனை வருஷம் வரவில்லை, ஏன் அப்போது வந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் உங்களுக்கும் தானாக நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மும்தாஜுக்குக் காரணம் தெரிந்தது, வைத்தியமும் நடந்தது, பிள்ளை மட்டும் வரவில்லை.

அவளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடும். உனக்கு மூன்று மாதம் இருக்கும்போது யாரிடமோ கேள்விப்பட்டு அவள் ராஜபாளையத்துக்கே தேடிவந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டேன். பிள்ளை இல்லாதவள் கண், அதுவும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று தன் வாயாலேயே சொன்னவள் கண் உன்மேல் படக் கூடாது என்று நினைத்தேன். மாமியாரிடம், பிள்ளை தூங்குகிறான் என்று சொல்லச் சொன்னேன். நீ உள்ளே கத்திக்கொண்டிருந்தாய், வாசல்வரை கேட்கும் சத்தம். "தூங்கட்டும்மா, எழுப்ப வேணாம்" என்று மும்தாஜ் சொன்னது என் காதில் விழுந்தது. கொண்டுவந்த சின்னச் சட்டையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். என் மடிக்கு வராமல் ஒரு பிள்ளையை எடுத்துப் போனார்களே, அந்த வலி தெரிந்த நானே அதைச் செய்தேன். பிறகு நான் அவளைத் தேடி வத்திராயிருப்புக்குப் போகவே இல்லை. முதல் வருஷம் வெட்கம், அப்புறம் பழகிவிட்டது. பொறாமை பிள்ளை பிறந்தால் போய்விடும் என்று நினைத்திருந்தேன், பயமாக உருமாறி உள்ளேயேதான் இருந்தது.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க. ஒண்ணை விட்டுட்ட" என்றார். என்ன என்று கேட்டேன். "அந்த டெஸ்ட்டுக்கு நான் ரெண்டு தடவை போயி, லேப் வாசல்ல நின்னுட்டு, உள்ள போகாமத் திரும்பி வந்துட்டேன். உன்கிட்ட லேப் பூட்டிருக்குன்னு சொன்னேன். மூணாவது தடவைதான் ஏறினேன்." முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு இது தெரியாது. எதற்குப் பயந்தீர்கள் என்றேன். "என்கிட்டதான் இருக்குன்னு வந்துட்டா, நீ நாலு வருசம் குடிச்ச கசாயத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். "பையன்கிட்ட இதையும் எழுது. அவனும் எந்த வாசல்லயோ நின்னுட்டுத்தான் திரும்பி வாரான். மூணாவது தடவை ஏறினா போதும்னு எழுது."

எழுதிவிட்டேன். நீ ஏன் போகவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. உன் அப்பாவின் பயம்தான் உனக்கும் என்றால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் உன்னைச் சோதிக்காமல் அவள் உடம்பில் ஒரு ஊசி ஏறக் கூடாது. உன்னிடம் ஏதாவது இருக்கிறது என்று வந்தால் அதை உன் பெயரில் எழுதிக்கொள், அவள் இரவல் வாங்கிச் சுமக்க வேண்டாம். ஒன்றும் இல்லை என்று வந்தால் இரண்டு பேருமாக டாக்டர் முன்னால் உட்காருங்கள். உன் ராத்திரி வேலை, உங்கள் தூக்கம், சாப்பாடு, பேசாமல் விட்ட சண்டைகள் எல்லாவற்றையும் அவர் கேட்கட்டும். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் காரணம் தெரியவில்லை என்றால், "எங்க ரெண்டு பேருக்கும் தெரியல" என்று ஊரிடம் நீ சொல். நீ சொன்னால் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்காது. பிறகு எந்த வைத்தியத்துக்கு வேண்டுமானாலும் போங்கள், நானும் வருகிறேன்.

வருகிற திங்கட்கிழமை டாக்டரிடம் போய்விட்டு வந்து கவிதா எனக்குப் போன் செய்து, "அத்தை, இன்னைக்கு அவங்களும் வந்தாங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் சந்தோஷப்படுவேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் எனக்கு எரியும். கூப்பிடாமலே கூட வந்த புருஷன் ஒருவன் அவளுக்குக் கிடைத்தானே என்று எரியும். என்னை எனக்குத் தெரியும். இந்த வயதில் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு ஒரு காரணம் கொடு, தம்பி.

உன்னைப் பெற்றவள்